வெறும் கேஸ் டிரபிள்தானா? சினைப்பைப் புற்றுநோய் தாமதமாகவே பிடிபடுவது ஏன்

1956ஆம் ஆண்டு. வேலை விஷயமாக அமெரிக்கா போயிருந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ரோசலிண்ட் ஃபிராங்க்ளினுக்கு ஸ்கர்ட்டை இடுப்பில் பூட்ட முடியவில்லை. வயிறு முன்னால் தள்ளியிருந்தது. லண்டன் திரும்பி டாக்டரிடம் போனார். கர்ப்பமாக இருக்கிறீர்களா என்று டாக்டர் கேட்டார். செப்டம்பர் 4ஆம் தேதி அறுவைசிகிச்சைக்காக வயிற்றைத் திறந்தபோது உள்ளே இரண்டு கட்டிகள் இருந்தன. டி.என்.ஏ. இரட்டைச் சுருள் என்று உலகம் தெரிந்துகொள்ள எந்த எக்ஸ்ரே படம் உதவியதோ, அது இவருடைய ஆய்வகத்தில் எடுக்கப்பட்டது. சிகிச்சைக்கு நடுவே ஆய்வகத்துக்கும் போய்க்கொண்டிருந்தவர், 1958 ஏப்ரல் 16 அன்று சினைப்பைப் புற்றுநோயால் இறந்தார். வயது 37.

அப்போது ஸ்கேன் கிடையாது, கீமோ என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடையாது. இன்று சின்ன ஊர்களில்கூட ஸ்கேன் சென்டர் இருக்கிறது. ஆனாலும் இந்த நோயோடு ஆஸ்பத்திரிக்கு வரும் பெண்களில் பெரும்பாலானவர்கள் மூன்றாவது, நான்காவது கட்டத்தில்தான் வருகிறார்கள். 2022இல் உலகம் முழுக்கச் சுமார் 3.24 லட்சம் பெண்களுக்கு இது கண்டறியப்பட்டது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இந்தியாவில் அந்த ஆண்டு புதிதாக வந்தவர்கள் 47,000 பேர் அளவில், இறந்தவர்கள் 33,000 பேர் அளவில். மார்பகம், கருப்பை வாய் இரண்டையும் அடுத்து நம் பெண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் இதுதான். சினைப்பைக்குள்ளேயே இருக்கும்போது பிடித்துவிட்டால் பத்தில் ஒன்பது பேர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள். வயிறெல்லாம் பரவிய பிறகு என்றால், மேலைநாட்டுக் கணக்கிலேயே பத்தில் மூன்று பேர்தான்.

அப்படியானால் எல்லாரும் வருஷத்துக்கு ஒரு தடவை டெஸ்ட் எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே? இந்த இடத்தில்தான் சிக்கல். அதற்கு முன்னால் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம்.

நம் பேச்சு வழக்கில் அடிவயிற்றில் எது வந்தாலும் 'கர்ப்பப்பை கேன்சர்'தான். கருப்பை வேறு, அதன் வாய் வேறு, இரண்டு பக்கமும் பாதாம் பருப்பு அளவில் இருக்கும் சினைப்பைகள் வேறு. கருப்பை வாய்க்கு எடுக்கும் பாப் ஸ்மியர் பரிசோதனையில் சினைப்பையைப் பற்றி ஒன்றும் தெரியாது. கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கப் போடும் ஹெச்.பி.வி. தடுப்பூசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 'எனக்குக் கர்ப்பப்பையே எடுத்தாச்சு, இனி என்ன பயம்' என்பவர்களில் பலருக்குச் சினைப்பைகள் உள்ளேயேதான் இருக்கின்றன. கருப்பையை எடுக்கும்போது அவற்றை விட்டுவைப்பது வழக்கமான முறைதான், குறிப்பாக வயது குறைவாக இருந்தால். சந்தேகம் இருந்தால் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள், என்னென்ன எடுத்தார்கள் என்று அதில் இருக்கும். அதேபோல, இளம் பெண்களுக்கு ஸ்கேனில் சொல்லப்படும் 'நீர்க்கட்டி', அதாவது பி.சி.ஓ.டி., புற்றுநோய்க் கட்டி இல்லை. அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, ஏன் தெரிவதில்லை? மார்பில் கட்டி வந்தால் கைக்குத் தட்டுப்படும். கருப்பை வாயில் வந்தால் ரத்தம் படும். சினைப்பை இடுப்புக் குழிக்குள், குடலுக்குப் பக்கத்தில் ஏறக்குறையத் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆரஞ்சு அளவுக்குக் கட்டி வளர்ந்தாலும் எதையும் இடிக்காது, குடல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்ளும். கூடவே இன்னொன்று. பல புற்றுநோய்கள் ரத்தம் வழியாகவோ நிணநீர் வழியாகவோ பரவ நாளாகும். இந்த நோய்க்கு அந்தச் சுற்றுவழி தேவையில்லை. செல்கள் உதிர்ந்து வயிற்றறைக்குள் இருக்கும் கொஞ்ச நீரில் விழும். மூச்சு விடும்போதும் குடல் அசையும்போதும் அந்த நீர் மேல்நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். குடலை மூடியிருக்கும் கொழுப்புத் திரையில், கல்லீரலுக்கு மேலே உதரவிதானத்தின் அடிப்பக்கத்தில் என்று போன இடமெல்லாம் செல்கள் ஒட்டி முளைக்கும். அதனால் வயிற்றில் நீர் கோக்கும். நம் பாட்டிமார் மகோதரம் என்று சொன்ன வியாதிகளில் இதுவும் ஒன்றாக இருந்திருக்கும்.

அந்த நீர்தான் ஃபிராங்க்ளினின் ஸ்கர்ட் மாதிரி நமக்கும் முதலில் சேதி சொல்கிறது. நம் ஊரில் அது உள்பாவாடை நாடா. நாடாவில் தினமும் முடிச்சு விழும் இடம் ஒன்று உண்டு, அங்கே மட்டும் கசங்கி நூல் பிரிந்திருக்கும். சில மாதங்களில் முடிச்சு அந்த இடத்தை விட்டு நுனியை நோக்கி நகர்ந்துகொண்டே போகிறது, ஆனால் கையில் வளையல் தளர்கிறது, முகம் ஒட்டுகிறது என்றால் அது சாப்பாட்டால் வந்த தொப்பையாக இருக்க வாய்ப்பில்லை.

இந்த நோய்க்கு 'சத்தமில்லாத கொலையாளி' என்று ஒரு பட்டம் உண்டு. எனக்கு அந்தப் பட்டத்தில் உடன்பாடில்லை. சத்தம் வரத்தான் செய்கிறது, அது வேறு யாரோ கூப்பிடுகிற மாதிரி கேட்கிறது. வயிறு உப்புசம். ரெண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்த மாதிரி இருப்பது. அடிவயிற்றிலோ இடுப்பிலோ மந்தமான வலி. அடிக்கடி, அவசரமாகச் சிறுநீர் வருவது. சிலருக்கு மலச்சிக்கல், காரணமில்லாத அசதி. ஐம்பது வயதுப் பெண் வீட்டில் இதைச் சொன்னால் முதலில் சீரகத் தண்ணீர் வரும், பிறகு ஓமம், அப்புறம் மெடிக்கல் ஷாப்பில் வெறும் வயிற்றில் போடும் கேஸ் மாத்திரை. அதற்கும் கேட்காவிட்டால் எண்டோஸ்கோபி. 'லேசாப் புண் இருக்கு' என்று ஒரு ரிப்போர்ட்டும் வந்துவிடும். யாருக்குத்தான் லேசாகப் புண் இல்லை? எண்டோஸ்கோபிக் குழாய் இரைப்பைக்கு உள்ளே பார்க்கும், இரைப்பைக்கு வெளியே சினைப்பையில் நடப்பது அதற்குத் தெரியவே தெரியாது. சிறுநீர் அவசரத்துக்குச் சுகர் டெஸ்ட், கிருமித் தொற்று மாத்திரை. எல்லா டாக்டரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்திருப்பார்கள். ஆனால் நாலைந்து மாதம் ஓடியிருக்கும். பெண்ணும் இதற்குள் 'வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்' என்று தானே சமாதானம் ஆகியிருப்பார்.

உப்புசம் இல்லாத மனிதர் உண்டா? எதை வைத்துப் பிரிப்பது? இதற்கு ஒரு உருப்படியான அளவுகோல் இருக்கிறது. பெண்களின் புற்றுநோய்க்கான அமெரிக்க மருத்துவர் பார்பரா கோஃப் குழுவினர் 2007இல் சொன்னது. இந்த அறிகுறிகள் இந்த ஒரு வருஷத்துக்குள் புதிதாக ஆரம்பித்தவையா, மாதத்தில் 12 நாளுக்கு மேல் வருகின்றனவா என்று அவர்கள் பார்த்தார்கள். இருபது வருஷமாகப் பருப்பு சாப்பிட்டால் உப்புகிற வயிறு அதில் சேராது. போன தீபாவளிக்கு இல்லாத ஒன்று இந்தப் பொங்கலுக்கு ஒன்றுவிட்டு ஒருநாள் வருகிறது என்றால் சேரும். பிரிட்டனின் 2011 வழிகாட்டுதலும் இதையே பிடித்துக்கொண்டது. ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்கு முதல்முறையாக 'குடல் எரிச்சல் நோய்' மாதிரித் தொந்தரவு வந்தால் சினைப்பையையும் சோதியுங்கள், அந்த வயதில் அந்த நோய் புதிதாகத் தொடங்குவது அரிது என்று அது டாக்டர்களுக்குச் சொல்கிறது. ஒரு நாட்காட்டியில் உப்புசம் வந்த நாளையெல்லாம் பேனாவால் வட்டம் போட்டு டாக்டரிடம் காட்டினால் போதும். 'அடிக்கடி வருது டாக்டர்' என்பதைவிட அந்தத் தாள் நன்றாகப் பேசும்.

இப்போது டெஸ்ட் விஷயத்துக்கு வருவோம். மாஸ்டர் ஹெல்த் செக்கப் விளம்பரங்களில் 'பெண்கள் பேக்கேஜ்' என்று போட்டு சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனையையும் சேர்த்திருப்பார்கள். ரத்தத்தில் ஒரு புரதம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது அது; அமெரிக்க மருத்துவர் ராபர்ட் பாஸ்ட் குழுவினர் 1981இல் அறிவித்தது. அந்தப் புரதத்தைப் பிடிக்கும் எதிர்ப்பொருள், அவர்கள் முயன்று பார்த்தவற்றில் 125ஆவது என்பதால் அந்தப் பெயர். 35க்குக் கீழே இருந்தால் இயல்பு என்பது கணக்கு. சிக்கல் என்னவென்றால் முதல் கட்டப் புற்றுநோய் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இந்த அளவு ஏறுவதே இல்லை. புற்றுநோய் இல்லாத பலருக்கு ஏறிவிடுகிறது. மாதவிலக்கு நாட்களில் ஏறும், கர்ப்பத்தில் ஏறும், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்படலம் போன்ற திசு வெளியே வளர்வது), ஃபைப்ராய்டு (கருப்பையில் வரும் சாதாரணத் தசைக்கட்டி), கல்லீரல் சுருக்கம் என எல்லாவற்றிலும் ஏறும்.

நம் நாட்டில் இன்னொரு வில்லங்கம் உண்டு: வயிற்றுக் காசநோய். வயிற்றில் நீர், உடல் மெலிவு, ஸ்கேனில் கட்டி மாதிரி ஒன்று, சிஏ-125 நூற்றுக்கணக்கில். அப்படியே முற்றிய சினைப்பைப் புற்றுநோயின் சாயல். புற்றுநோய் என்று நினைத்து வயிற்றைத் திறந்து, கடைசியில் ஆறு மாத மாத்திரையில் தீரக்கூடிய காசநோய் என்று தெரிந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் நிறைய இருக்கின்றன. தலைகீழாகவும் நடக்கும். காசநோய் என்று மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்க, உள்ளே புற்றுநோய் வளர்ந்துகொண்டிருக்கும். அதனால் ஒரு ரத்த எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பயப்படவும் வேண்டாம், நிம்மதியாகவும் இருக்க வேண்டாம். நீரை எடுத்து அதில் புற்றுநோய்ச் செல்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பது, சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பது என்று உறுதி செய்யும் வேலை பாக்கி இருக்கிறது.

எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்களுக்கு வருஷாவருஷம் டெஸ்ட் எடுத்தால் உயிர் பிழைக்குமா? இதைப் பிரிட்டனில் மிகப் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். 50 முதல் 74 வயது வரையான இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள், 2001இல் தொடங்கியது. ஒரு பிரிவுக்கு ஆண்டுதோறும் சிஏ-125, அது ஏறுகிற போக்கைக் கணினி கணக்கிடும். இன்னொரு பிரிவுக்கு ஆண்டுதோறும் ஸ்கேன். மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. முடிவு 2021இல் வந்தது. ரத்தப் பரிசோதனைப் பிரிவில் ஆரம்பக் கட்ட நோய் கூடுதலாகப் பிடிபட்டது உண்மை. ஆனால் இறந்தவர் எண்ணிக்கையில் வித்தியாசமே இல்லை. இருபது வருட உழைப்பு. அந்த ஆய்வை நடத்தியவர்களே, பொதுவான பரிசோதனைத் திட்டமாக இதைப் பரிந்துரைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கெட்ட வகை சீக்கிரம் பரவிவிடுகிறது, கொஞ்சம் முன்னால் பார்த்தது போதவில்லை.

அமெரிக்காவில் 78,000 பெண்களை வைத்து நடந்து 2011இல் வெளிவந்த ஆய்வு இதைவிடக் கசப்பானது. அங்கேயும் இறப்பு குறையவில்லை. பரிசோதனையில் புற்றுநோய் இருப்பதாகத் தவறாகக் காட்டப்பட்டவர்கள் 3,285 பேர். அவர்களில் 1,080 பேர் அறுவைசிகிச்சை மேஜை வரை போனார்கள். 163 பேருக்குக் கடுமையான பக்கவிளைவு வந்தது. இல்லாத நோய்க்கு!

ஆகவே 'சீக்கிரம் கண்டுபிடியுங்கள்' என்ற அறிவுரையை இந்த நோயில் கொஞ்சம் கவனமாகத்தான் சொல்ல வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்கு மேமோகிராம் மாதிரி இதற்கு ஒரு டெஸ்ட் கிடையாது. நல்லா இருக்கும் பெண்ணை பேக்கேஜில் கூட்டிப்போவதால் பயன் இல்லை. தொந்தரவு சொல்லும் பெண்ணை நாலு மாதம் கேஸ் மாத்திரையில் ஓட்டுவதால்தான் நஷ்டம். அவருக்கு அதே சிஏ-125, அதே ஸ்கேன் ரொம்பவே உபயோகம். ஸ்கேன் என்றால் முடிந்தவரை யோனி வழியாகச் செய்வது. வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பதைவிடச் சினைப்பை தெளிவாகத் தெரியும். நம்மூர்ப் பெண்கள் பலர் கூச்சப்பட்டு வேண்டாம் என்றுவிடுகிறார்கள். சில நிமிஷ வேலை, பெண் ஊழியர் உடன் இருக்கக் கேட்கலாம்.

ஸ்கேனில் கட்டி தெரிந்துவிட்டது என்று வையுங்கள். மாதவிலக்கு வருகிற வயதில் சின்னச் சின்ன நீர்ப்பைகள் வந்து இரண்டு மூன்று மாதத்தில் தானே கரைவது சகஜம், டாக்டர் மறுபடி ஸ்கேன் பண்ணிப் பார்க்கலாம் என்பார். மாதவிலக்கு நின்ற பிறகு வரும் கட்டி, உள்ளே திட்டுத்திட்டாகச் சதை உள்ள கட்டி, கூடவே நீர் என்றால் கதை வேறு. இங்கேதான் அவசரத்தில் ஒரு தப்பு நடக்கிறது. பக்கத்து நர்சிங் ஹோமில் 'சிஸ்ட்தானே, லேப்ராஸ்கோபியில் எடுத்துடலாம்' என்று உள்ளே போய், எடுக்கும்போது கட்டி உடைந்து அதன் நீர் வயிற்றில் சிந்திவிடும். அதுவரை சினைப்பைக்குள் அடங்கியிருந்த 'ஒன்று-ஏ' கட்டம் அந்த நிமிஷமே 'ஒன்று-சி' ஆகிறது. கீமோ இல்லாமலே தப்பித்திருக்கக்கூடியவர் கீமோவுக்குப் போக வேண்டி வரலாம். சந்தேகப்படும் கட்டியில் ஊசி போட்டு நீர் உறிஞ்சுவதும் இதே காரணத்துக்காக வேண்டாம். பெண்களின் புற்றுநோய் அறுவைக்கென்றே தனிப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். கட்டியை உடையாமல் முழுசாக எடுப்பது, பரவியிருந்தால் கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு துணுக்கையும் எடுப்பது அவர்கள் வேலை. எவ்வளவு மிச்சம் விட்டார்கள் என்பதுதான் அந்தப் பெண் எத்தனை வருஷம் இருப்பார் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. அடையாறு புற்றுநோய் நிலையம் மாதிரி இடங்களிலும் பெரிய அரசு மருத்துவமனைகளிலும் இந்த வசதி உண்டு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் புற்றுநோய் சிகிச்சைக்கும் பொருந்தும்.

சிகிச்சையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அறுவைசிகிச்சையோடு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை கார்போபிளாட்டின், பேக்ளிடாக்செல் என்ற இரண்டு மருந்துகள், பொதுவாக ஆறு தடவை. இரண்டாவது மருந்து முதலில் பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையிலிருந்து வந்தது. முற்றிய நிலையிலும் இந்த மருந்துகளுக்கு நோய் நன்றாகவே அடங்கும். ஆனால் பெரும்பாலானவர்களுக்குச் சில ஆண்டுகளில் திரும்பி வருகிறது. தமிழ்ப் படங்களிலும் நடித்த மனிஷா கொய்ராலாவுக்கு 2012இல் இந்த நோய் கண்டறியப்பட்டு, நியூயார்க்கில் சிகிச்சை எடுத்து மீண்டும் நடிக்க வந்தார். அப்படித் தப்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

கடந்த இருபது வருஷத்தில் இந்த நோயைப் பற்றி நடந்த பெரிய மாற்றம் ஒன்றை இன்னும் சொல்லவில்லை. அதிகம் காணப்படும், அதிகம் கொல்லும் வகைக்கு 'சீரஸ்' வகை என்று பெயர். அது பெரும்பாலும் சினைப்பையில் பிறப்பதே இல்லை. 2001இல் நெதர்லாந்தில், பரம்பரை ஆபத்து உள்ள பெண்களிடமிருந்து முன்னெச்சரிக்கையாக எடுத்த உறுப்புகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர்களுக்கு, சினைப்பைப் பக்கமிருந்து கருப்பைக்குப் போகும் கருக்குழாயில் மாறிய செல்கள் தென்பட்டன. பிறகு பல இடங்களில் அதையே பார்த்தார்கள். குழாயின் சினைப்பைப் பக்க முனையில் விரல் விரலாக ஒரு குஞ்சம் மாதிரி இருக்கும். அங்கேதான் ஆரம்பம். அங்கிருந்து சினைப்பையை எட்ட ஆறேழு ஆண்டுகள் ஆகலாம் என்று 2017இல் ஓர் ஆய்வு கணித்தது. அதன் பிறகு பரவல் மிக வேகம். அந்த ஆறேழு ஆண்டுகளில் இருக்கும் புள்ளி ஸ்கேனில் தெரியாத அளவு சிறியது. பெரிய ஆய்வுகள் தோற்றதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

கண்டுபிடிக்க முடியாவிட்டால் என்ன, பிறக்கும் இடத்தையே எடுத்துவிடலாமே என்று யோசித்தார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2010 முதல், வேறு காரணத்துக்காகக் கருப்பையை எடுக்கும்போதோ குடும்பக் கட்டுப்பாடு செய்யும்போதோ கருக்குழாய்களை முழுசாக எடுக்கத் தொடங்கினார்கள். சினைப்பைகள் அப்படியே இருக்கும், ஹார்மோன் நிற்காது. 2022இல் வந்த கணக்கில், இப்படிச் செய்துகொண்ட சுமார் 26,000 பெண்களில் ஐந்து பேருக்காவது சீரஸ் வகை வந்திருக்க வேண்டும். ஒருவருக்கும் வரவில்லை.

இது தமிழ்நாட்டுக்கு நேராகப் பொருந்தும் சேதி. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இங்கே கல்யாணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். நம் வழக்கம் குழாயில் ஒரு வளைவைக் கட்டி ஒரு துண்டை வெட்டுவது. அதுவே சினைப்பைப் புற்றுநோய் ஆபத்தை ஓரளவு குறைக்கிறது. முழுக் குழாயையும் எடுத்தால் இன்னும் அதிகமாகக் குறையும். இரண்டாவது சிசேரியனோடு ஆபரேஷனும் செய்துகொள்ளப் போகிறவர், ஃபைப்ராய்டுக்காகக் கருப்பையை எடுக்கப் போகிறவர், கையெழுத்துப் போடும் முன் 'டாக்டர், டியூபையும் முழுசா எடுத்துடலாமா?' என்று கேட்கலாம். இதற்காகவே தனியாக ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்லவில்லை.

பரம்பரை ஆபத்து உள்ளவர்களுக்குக் கணக்கே வேறு. சாதாரணமாக ஒரு பெண்ணுக்கு வாழ்நாளில் இந்த நோய் வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்குச் சற்று மேல். மார்பகப் புற்றுநோயோடும் சினைப்பைப் புற்றுநோயோடும் தொடர்புள்ள பிராக்கா-1 (BRCA1) என்ற மரபணுவில் பழுது இருந்தால் அது நூற்றில் 39 முதல் 58 வரை, பிராக்கா-2 என்றால் 13 முதல் 29 வரை. இவர்களுக்குப் பிள்ளை பெற்று முடித்த பிறகு, முதல் வகைக்கு 35 முதல் 40 வயதுக்குள், இரண்டாவதற்கு 40 முதல் 45க்குள் குழாயும் சினைப்பையும் சேர்த்து எடுத்துவிடச் சொல்கிறார்கள். நடிகை ஏஞ்சலினா ஜோலி 2015இல் செய்துகொண்டது இதைத்தான், அவர் அம்மா 56 வயதில் இறந்துபோனவர். நோய் வந்துவிட்டவர்களுக்கும் இந்தப் பழுதைப் பார்க்கும் மரபணு டெஸ்ட் முக்கியம். பழுது இருந்தால் ஓலாபாரிப் என்ற மாத்திரை நோய் திரும்புவதைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடுகிறது. கூடவே அவருடைய தங்கைக்கும் மகளுக்கும் முன்கூட்டியே சேதி கிடைக்கிறது. அதனால்தான் இந்த வகை நோய் உள்ள எல்லாருக்கும், குடும்பத்தில் யாருக்கும் இல்லாவிட்டாலும், மரபணு டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள்.

இதில் நம் வீடுகளில் அடிக்கடி நழுவும் ஒரு விஷயம். 'அம்மா பக்கம் யாருக்கும் இல்லை' என்று சொல்லி முடித்துவிடுவோம். பிராக்கா பழுது அப்பா வழியாகவும் அதே அளவு வரும். ஒரே பையன் மட்டும் இருந்த குடும்பத்தில் அது சத்தமில்லாமல் ஒரு தலைமுறையைத் தாண்டிப் பேத்திக்கு வரும். அப்பாவைப் பெற்ற பாட்டி எதனால் போனார் என்று கேட்டுப் பாருங்கள். கேன்சர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'வயித்துல நீர் கோத்துக்கிச்சு, ரெண்டு தடவை ஊசி போட்டு எடுத்தாங்க, ரெண்டு மாசத்துல போய்ட்டாங்க' என்பார் பெரியப்பா. பெரிய அத்தைக்கு நாற்பத்தைந்து வயதில் மார்பில் கட்டி என்று அப்புறம் யாராவது நினைவுபடுத்துவார்கள். டாக்டரிடம் போகும்போது அந்த இரண்டு வரியையும் எழுதிக்கொண்டு போங்கள்.